நஞ்சைப் பற்றும் இரும்பு

நோயைத் தடுக்கத் தோண்டிய கிணறே நோய்க்குக் காரணமாதல் கூடுமோ? கூடும் என்பதை வங்காளதேசத்து மக்கள் தம் உடலில் பட்டறிந்தனர்.

குளத்து நீரைப் பருகிய குழந்தைகள் வாந்திபேதியால் மடிவதைக் கண்டு மனமிரங்கிய நல்லோர், 1970-களிலிருந்து அந்நாடெங்கும் குழாய்க் கிணறுகள் அமைக்க உதவினர். ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக் எனும் பாஷாணம் இயற்கையாகவே கலந்திருந்தது. 1993-இல்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது. இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. பல்லாண்டுகள் பருகிய பின்னரே தோலில் கரும்புள்ளிகளும், உள்ளங்கையில் தடிப்பும், சிலருக்குப் புற்றுநோயும் தோன்றும். ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இதனை அகற்றும் வழி யாது? நாம் அற்பமாய் எண்ணும் துருவே இங்குத் துணை நிற்கிறது. இரும்பு நீரில் துருப்பிடிக்கையில் அத்துருவின் மேற்பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும். வங்காளதேசத்தில் பிறந்த வேதியியல் பேராசிரியர் அபுல் ஹுசாம், மணல், இரும்பு, கரி, செங்கல் துண்டு ஆகியவற்றை வாளிகளில் நிரப்பி எளிய வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். 2007-இல் இதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு கிட்டியது.

கற்கண்டைப் பொடித்தால் விரைவில் கரைவதுபோல, இரும்பும் நுண்ணியதாக ஆக அதன் மேற்பரப்பு பெருகி, நஞ்சைப் பற்றும் ஆற்றலும் மிகும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். அத்தகைய நூறு கூறுக்கும் சிறிய இரும்புத் துகளைச் செய்யக் கடுமையான இரசாயனங்கள் தேவைப்பட்டன. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இரும்பு உப்புக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்தே அதனைச் செய்துகாட்டினர். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களே இரும்பைத் துகளாக்குகின்றன. துகள்கள் கட்டியாகிவிடாமலும் காக்கின்றன. முலாம் பூசும் ஆலைக் கழிவிலுள்ள கொடிய குரோமியத்தை, கேடு குறைந்த வடிவாக மாற்றவும் இத்தகைய துகள்கள் வல்லவை என ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர்.

ஆயினும் ஆய்வுக்கூடத்துக் குடுவை வேறு. அடுக்களைக் குடம் வேறு. துகள்கள் குடிநீரில் தங்கிவிடலாகாது. நஞ்சேறிய துருவைக் கண்ட இடத்தில் கொட்டவும் ஆகாது. ஆகவே, தேநீரை ஊற்றினால் குடத்துநீர் தூய்மையாகும் என எவரும் எண்ணிவிட வேண்டாம்!

வங்காளதேசத்தில் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர். கிணறு தோண்டியோரின் நல்லெண்ணத்தில் குறையில்லை; இச்சோதனையே காலந்தாழ்ந்து வந்தது. புதிதாய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் குடும்பத்தினர், முதற்குடம் நீரைச் சோதனைக்கு அனுப்பட்டும். அதன்பின் குழந்தைக்குக் கொடுக்கட்டும்.