பிரிந்து செல்லும் கோரிக்கைகளும் அவற்றின் நியாயங்களும்

பிரிந்து செல்லல் என்பது ஒரு நாட்டின் பகுதியாக உள்ள நிலப்பரப்பும் அதன் மக்களும் அந்நாட்டின் இறைமையிலிருந்து விலகித் தனி நாடாக முற்படுவதைக் குறிக்கும். இவ்வாறு விலக முனையும் இயக்கங்கள் பொதுவாக மூன்று கேள்விகளுக்கு விடை கூற வேண்டியுள்ளது. தாம் ஏன் தனி மக்கள்? குறிப்பிட்ட நிலம் ஏன் தமக்குரியது? ஒரே நாட்டுக்குள் ஏன் தொடர்ந்து வாழ இயலாது? இவற்றுக்குத் தரப்படும் விடைகளே பிரிவினைக்கான நியாயங்களாக அமைகின்றன.

முதன்மையான வாதங்கள்

அநீதிக்கான தீர்வு: கடுமையான ஒடுக்குமுறைக்கு வேறு தீர்வு இல்லாதபோது மட்டுமே பிரிவு நியாயமாகும் என்பது இவ்வாதம். மெய்யியலாளர் ஆலன் பியூக்கனன் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். 1971 ஏப்ரலில் வெளியான வங்காளதேச விடுதலைச் சாற்றுரை இவ்வகையைச் சேர்ந்தது. தேர்தலில் அவாமி லீக் பெற்ற பெரும்பான்மை, ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம், மக்கள் மீதான படைத்தாக்குதல் ஆகியவற்றை அது வரிசையாகக் கூறியது.

மக்கள் விருப்பம்: ஒடுக்குமுறை இல்லாவிடினும் பெரும்பான்மையினர் விரும்பினால் பிரியலாம் என்பது இவ்வாதம். கியூபெக்கில் 1995இல் நடந்த வாக்கெடுப்பில் 50.58 விழுக்காட்டினரும், இசுக்காட்லாந்தில் 2014இல் சுமார் 55 விழுக்காட்டினரும் பிரிவை மறுத்தனர். தென் சூடானில் 2011இல் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் பிரிவை ஆதரித்தனர்.

வரலாற்று உரிமை: எசுத்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகியவை 1940இல் சோவியத் ஒன்றியம் தம்மை இணைத்ததே செல்லாது என்றன. எனவே தாம் பிரியவில்லை, இழந்த விடுதலையை மீட்கிறோம் என வாதிட்டன.

ஒப்பந்த மீறல்: கூட்டாட்சி என்பது ஓர் உடன்படிக்கை, ஒரு தரப்பு அதனை மீறினால் மறுதரப்பு விலகலாம் என்பது இவ்வாதம். 1860இல் தென் கரோலினா இதையே கூறியது. ஆனால் அது சுட்டிய மீறல்களுள் முதன்மையானது, தப்பிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பி அனுப்ப மறுத்ததாகும். உரிமையின் மொழியில் பேசும் கோரிக்கை, பிறர் உரிமையைப் பறிப்பதற்கும் பயன்படலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சட்ட நிலை

ஐக்கிய நாடுகள் சாசனம் மக்களின் தன்னுரிமையையும் நாடுகளின் ஆட்புல ஒருமைப்பாட்டையும் ஒருங்கே ஏற்கிறது. இரண்டும் மோதும்போதே சிக்கல் எழுகிறது. பெரும்பாலான அரசியலமைப்புகள் பிரிவை அனுமதிப்பதில்லை. இந்தியாவில் 1963இல் நிறைவேறிய 16ஆவது திருத்தத்தின்படி, தேர்தல் வேட்பாளர்கள் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதியேற்க வேண்டும். எத்தியோப்பியாவின் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்போ பிரியும் உரிமையை வெளிப்படையாக ஏற்கிறது.

கியூபெக் ஒருதலையாகப் பிரிய முடியாது எனக் கனடிய உச்சநீதிமன்றம் 1998இல் கூறியது. எனினும் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் ஏனைய தரப்பினர் பேச்சு நடத்தக் கடமைப்பட்டவர்கள் என்றும் அது கூறியது. கொசோவோவின் விடுதலை அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆனால் பிரியும் உரிமை உண்டா என்பதற்கு அது விடை கூறவில்லை.

உள்ளிருக்கும் சிறுபான்மையினர்

பிரியும் பகுதிக்குள்ளும் சிறுபான்மையினர் வாழ்வர். பிரிவுக்குக் கூறப்பட்ட அதே நியாயத்தை அவர்களும் கூறலாம். 1995இல் கியூபெக்கின் கிரீ பழங்குடியினர் தனி வாக்கெடுப்பு நடத்தி, தம் நிலம் கனடாவிலேயே இருக்க வேண்டும் எனப் பெருவாரியாக வாக்களித்தனர். கொசோவோவின் வடக்கில் வாழும் செர்பியர்கள் புதிய அரசை ஏற்க மறுத்தனர். ஒரு பகுதி தனக்குக் கோரும் உரிமையைத் தன்னுள் வாழ்வோருக்கு எந்த அளவு அளிக்கிறது என்பது அதன் வாதத்தைச் சோதிக்கும் முதன்மையான அளவுகோலாகும்.

நியாயமும் அங்கீகாரமும்

நியாயம் வலுவாக இருப்பதனால் மட்டும் தனிநாடு அமைந்துவிடுவதில்லை. 1966இல் வட நைஜீரியாவில் இக்போ மக்கள் படுகொலை செய்யப்பட்டதைச் சுட்டி, பையாஃப்ரா 1967இல் விடுதலையை அறிவித்தது. மிகச் சில நாடுகளே அதனை அங்கீகரித்தன. போரிலும் பட்டினியிலும் பெருந்தொகையானோர் மடிந்தபின் 1970 சனவரியில் அது சரணடைந்தது. மறுபுறம், வங்காளதேசத்துக்கு இந்தியாவின் படைத்துணை கிடைத்தது. பாகிசுத்தான் படை 1971 திசம்பர் 16இல் டாக்காவில் சரணடைந்தது. 1974இல் வங்காளதேசம் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானது. இரு கோரிக்கைகளும் உயிருக்கான பாதுகாப்பையே முன்வைத்தன. முடிவுகள் வேறுபட்டதில் போரின் போக்குக்கும் அண்டை நாடுகள், வல்லரசுகளின் நிலைப்பாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு.