இல்லத்திரைக்கு ஏற்ற ஊடக இயக்கி

இணையத்தின் வழியாக வரும் காட்சிகளையும் வீட்டில் சேமித்து வைத்துள்ள காட்சிகளையும் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு கருவியை ஊடக இயக்கி எனலாம். கடைத்தெருவில் இதனைப் 'பாக்ஸ்' என்றும், விரலளவில் இருப்பின் 'ஸ்டிக்' என்றும் வழங்குகின்றனர். ஒரு காட்சி முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வர வரவே காட்டிச் செல்லும் முறைக்குத் 'தாரை' என்று சிலரும் 'ஓடை' என்று சிலரும் பெயரிட்டுள்ளனர். ஓடை என்பதே பொருத்தமுடையதாக எனக்குத் தோன்றுகிறது. ஓடை நீர் கண்முன் ஓடுமேயன்றி நம் இல்லத்தில் தங்குவதில்லை. வன்தட்டில் நாம் சேர்த்து வைத்திருப்பதோ குளத்து நீர் போன்றது. இக்கருவியை வாங்க முற்படுவோர் முதலில் தெளிய வேண்டுவது, தம் இல்லத்திற்கு ஓடை வேண்டுமா, குளம் வேண்டுமா, இரண்டுமே வேண்டுமா என்பதாகும்.

இதனை நான் தெளியாமல் ஒரு கருவியை வாங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேசட் உண்டு. 1989 ஆம் ஆண்டு என் தமக்கையின் நிக்காஹ் அன்று எடுக்கப்பட்டது. அதில் எங்கள் வாப்பா மணமக்களை வாழ்த்தி நான்கு நிமிடம் பேசுகிறார்கள். வாப்பா மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்ட நிலையில், அவர்களுடைய குரல் பதிவாகியிருப்பது அந்த நாடா ஒன்றில் மட்டுமே. அதனைக் கணினிக் கோப்பாக மாற்றி, செவிப்புலன் குறைந்துவிட்ட உம்மா படித்துக்கொள்ளும் வண்ணம் பேச்சினைத் துணைவரிகளாகத் தட்டெழுதி, '8கே' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு மலிவான பெட்டியில் இட்டு இயக்கினோம். வாப்பாவின் முகம் அகன்று தெரிந்தது; கையசைவு விட்டுவிட்டு நகர்ந்தது; துணைவரிகளில் தமிழே இல்லை. "இது உங்க வாப்பா மாதிரியே இல்லையே" என்றார்கள் உம்மா.

குறை நாடாவில் இல்லை. பழைய நாடாக்களில் படத்தின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் அமைந்தவை. இன்றைய திரையோ பதினாறுக்கு ஒன்பது. படத்தின் இருபுறமும் கரிய இடைவெளி விட்டுக் காட்டுவதே முறை. பெட்டி அதனை இழுத்து நிரப்பிவிட்டது. அடுத்தது அசைவு. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள் உண்டு. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதியாகவும் இரட்டைப்படை வரிகள் மறு பாதியாகவும் நொடிக்கு 50 பாதிகளாக வரும். பல கருவிகள் திரையை நொடிக்கு 60 முறை என்னும் கணக்கிலேயே இயக்குகின்றன. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் மீதியின்றி வருமா? வாராது. ஆகவே கருவி ஒரு படத்தை இருமுறையும் மற்றொன்றை மும்முறையுமாகக் காட்டி ஒப்பேற்றுகிறது. அதனையே நம் கண் தடங்கலாக உணர்கிறது. பாதிகளைச் செவ்வனே இணைக்காவிடில் அசையும் கையின் விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகளும் தோன்றும். திரையின் வேகத்தைக் காட்சியின் வேகத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி ஒரு கருவியில் உண்டா என்பதே, பழைய குடும்ப நாடாக்களை வைத்திருப்போர் கேட்க வேண்டிய முதற்கேள்வி. வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகளே. அதற்கு 8கே என்னும் எண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

கோப்பின் அளவும் கருதத்தக்கது. டி.வி.டி. தரத்தில், ஒரு மணி நேரக் காட்சி சுமார் 2 ஜி.பி. இடம் கொள்ளும். மூன்று மணி நேர நாடாவை ஒரே கோப்பாக வைத்தால் 6 ஜி.பி. ஆகும். பென் டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட்32 என்னும் அமைப்பில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு அடங்காது. எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ். ஆகிய அமைப்புகளைக் கருவி ஏற்குமா என்று கேட்டறிதல் வேண்டும். சுருக்குமுறைகளைப் பற்றியும் ஒரு சொல். டி.வி.டி.யில் உள்ளது எம்பெக்-2. 2003 இல் வந்தது எச்.264. அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும் எச்.265 வந்தது 2013 இல். 2018 இல் ஏவி1 வந்தது. புதியதை அறிந்த கருவி பழையதையும் அறியும் என்று எண்ணிவிடலாகாது. படம் ஓடி ஒலி மட்டும் வாராதிருப்பின், ஒலியின் சுருக்குமுறைக்குக் கருவியில் இடமில்லை என்று கொள்க.

இனித் தமிழ் பற்றி. தமிழ்த்துறை மலரில் இதனைச் சற்று விரித்துரைப்பது தவறாகாது. எங்கள் துணைவரிகளை முதலில் ஒருங்குறிக்கு முற்பட்ட பழைய எழுத்துருவில் தட்டெழுதியிருந்தோம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் அப்பெட்டி 'கொ' என்னும் எழுத்தைச் சிதைத்தே காட்டியது. காரணம் உண்டு. ஒருங்குறியில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றன. ஒற்றைக் கொம்பை மெய்க்கு முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டியது காட்டும் மென்பொருளின் கடமை. அக்கடமையை அறியாத மென்பொருள் கொம்பைப் பின்னே விட்டுவிடுகிறது. 'போனான்', 'கொடுத்தாள்' என்னும் இரு சொற்களை வைத்தே ஒரு கருவிக்குத் தமிழ் தெரியுமா என்று சோதித்துவிடலாம்.

மென்பொருள் என்றதும் வி.எல்.சி. நினைவுக்கு வருகிறது. எகோல் சென்ட்ரல் பாரிஸ் என்னும் பொறியியல் கல்லூரியில் 1996 இல் மாணவர் செயல்திட்டமாகத் தொடங்கியது அது. கல்லூரி வளாக வலையமைப்பில் காட்சிகளை ஓடவிடுவதே அவர்களின் நோக்கம். 2001 பிப்ரவரி முதல் நாள், கல்லூரித் தலைமையின் இசைவோடு, எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. மாணவர் விட்டுச்சென்ற பணி ஒன்று உலகமெங்கும் கணினிகளில் இயங்குவதை நம் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். வி.எல்.சி.யையோ, 2014 இல் புதுப்பெயர் பெற்ற கோடியையோ நிறுவிக்கொள்ள இடந்தரும் கருவியானால் குளத்து நீருக்குப் பெரும்பாலும் குறையிராது.

ஓடையின் நிலை வேறு. கட்டணத் திரைப்படச் சேவைகள் உரிய பாதுகாப்புச் சான்று பெற்ற கருவிகளுக்கே உயர்தரக் காட்சியை அனுப்புகின்றன. வைட்வைன் எனப்படும் அச்சான்றின் முதல் நிலையை எட்டாத பெட்டிக்கு, அதன் மேல் 4கே என்றிருந்தாலும், வருவது பழைய தரமே. இதனினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. சான்று பெறாத மலிவுப் பெட்டிகள் பலவற்றில், கடைக்கு வருமுன்னரே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. பேட்பாக்ஸ் 2.0 எனப்பட்ட இதனைக் குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இவ்வாறு கெட்டிருந்ததாகக் கூறப்பட்டது. எங்கோ உள்ள மோசடிக்காரரின் போக்குவரத்து நம் வீட்டு இணைய முகவரியின் வழியாக வெளியேறும். காவல்துறை விசாரித்தால் வாசலில் நிற்பவர் நம் வீட்டுப் பெரியவராகத்தான் இருப்பார். ஆயிரம் ரூபாய் மிச்சத்திற்கு இது தகாது.

வாங்கிய கருவி எத்தனை ஆண்டு உயிருடன் இருக்கும் என்பதும் வினவத்தக்கது. 2015 இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள், 2025 மார்ச்சில் ஒருநாள் திடீரெனப் பயனற்றுப் போயின. உள்ளிருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். கருவியில் பழுதில்லை! நிறுவனம் சில நாட்களில் திருத்தம் அனுப்பியது. அனுப்பாதிருந்தால் அவை வெறும் நெகிழித் துண்டுகளே. இணையத்தைத் துண்டித்துவிட்டு நம் வன்தட்டை இயக்க முடிகிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இணைய வேகத்தைப் பற்றி மிகுதியாகக் கவலுற வேண்டுவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 4கே காட்சிக்குப் பரிந்துரைப்பது நொடிக்கு 15 மெகாபிட்டே. தடித்த சுவர்கள் உள்ள பழைய வீடுகளில் வைஃபையை நம்புவதைவிடக் கம்பி இழுத்துவிடுவது மேல்.

இரண்டாம் முறை கடைக்குச் சென்றபோது ஒரு பென் டிரைவில் மூன்று கோப்புகளை எடுத்துச் சென்றேன்: நாடாவின் ஒரு பகுதி, அதற்குரிய தமிழ்த் துணைவரி, 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பு. கடைக்காரத் தம்பி முதலில் நகைத்தாலும், பொறுமையுடன் ஒவ்வொரு பெட்டியாக மாட்டிக் காட்டினார். இரண்டு பெட்டிகள் தோற்றன. மூன்றாவது தேறியது. அதன் சான்றினையும் சரிபார்த்து வாங்கிவந்தேன். திரையின் வேகத்தை 50 என அமைத்து, இருபுறமும் கரிய இடைவெளியுடன் படத்தை ஓடவிட்டோம். உம்மா துணைவரிகளைப் படித்துக்கொண்டே பார்த்தார்கள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். தெளிவில்லாத ஒலியைக் கேட்டு 'பெருமை' என்று நாங்கள் தட்டெழுதியிருந்த இடத்தில், வாப்பா சொன்னது 'பொறுமை' என்றார்கள். அன்றிரவே அந்த வரியை மாற்றிவிட்டோம்.