குண்டுமல்லியும் மாவும்: ஒரே வாய்க்காலில் வளர்க்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பகுதி மல்லிகைக்கும், நத்தம் பகுதி மாவுக்கும் பெயர் பெற்றவை. இம்மாவட்டத்திலும் இதுபோன்ற பிற பகுதிகளிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள உழவர்கள் பலர், நாள்தோறும் கைச்செலவுக்கு மல்லிகையும், ஆண்டுக்கு ஒருமுறை மொத்த வருவாய்க்கு மாவும் வைக்க விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆனால் மாங்கன்றுகளின் இடைவெளியில் மல்லிகையை நட்டு, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சினால், நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின் மா சரிவரப் பூக்காமல் போகும். இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் நடவின்போதே தவிர்த்துவிடலாம்.

பூக்கும் இயல்பு

குண்டுமல்லி அந்தப் பருவத்தில் விடும் புதிய தளிர்களில் பூக்கிறது. புதுத்தளிர் எவ்வளவு மிகுதியோ, மொட்டும் அவ்வளவு மிகுதி. எனவேதான் செடியை ஆண்டுதோறும் வெட்டி, உரமிட்டு, நீர் பாய்ச்சித் தளிர்விடச் செய்கிறோம்.

மா இதற்கு நேர்மாறானது. முந்தைய மாதங்களில் தோன்றி, நன்கு முற்றிய கிளைகளின் நுனியில்தான் பூங்கொத்து வரும். கிளை முற்ற வேண்டுமானால் மரம் புதிதாகத் தளிர்விடாமல் ஓய்ந்திருக்க வேண்டும். மழைக்குப் பின் மண் காய்வதும், மார்கழி, தை மாதக் குளிரும் மரத்துக்கு இந்த ஓய்வைத் தருகின்றன. அவ்வேளையில் நீர் கொடுத்தால் பூ வரவேண்டிய நுனியில் இலைத்தளிர் வந்துவிடும்.

ஆக, மல்லிகையை எழுப்பும் அதே நீர் மாவின் ஓய்வைக் கெடுக்கிறது. இந்த இரண்டு வேலைகளும் ஒரே மாதங்களில் வருவதுதான் சிக்கல்.

மண்

இரண்டுக்கும் வடிகால் வசதியுள்ள செம்மண் சார்ந்த குறுமண் ஏற்றது. நீர் தேங்கும் நிலமும், களர் நிலமும் இரண்டுக்கும் ஆகா. வேறுபாடு ஆழத்தில் உள்ளது.

மல்லிகையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவும். எனவே மேல்மண் வளமாகவும் பொலபொலப்பாகவும் இருத்தல் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் இலைகள் பசுமை பெறும். வேரழுகலாலும் நூற்புழுவாலும்கூட இலைகள் மஞ்சளாகும். ஆதலால் ஓரிரு செடிகளைப் பறித்து வேரைப் பார்த்தபின் முடிவு செய்க.

மாவின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். அடியில் சுக்கான் பாறை இருந்தால் முதல் சில ஆண்டுகள் செழித்து, பின்பு மரம் நலிவுறும். எனவே மாவுக்கு மண் ஆய்வு செய்யும்போது 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே மாதிரி எடுத்தல் வேண்டும்.

நடவும் உரமும்

குண்டுமல்லிக்கு வேர்விட்ட குச்சிகளையோ பதியன்களையோ 1.25 மீட்டர் இடைவெளியில் நடலாம். ஏக்கருக்குச் சுமார் 2,590 செடிகள் பிடிக்கும். ஆறு மாதத்தில் பூ தலைகாட்டினாலும், மூன்றாம் ஆண்டிலிருந்துதான் முழு மகசூல் கிடைக்கும். மா ஒட்டுக்கன்றுகளை ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளில் 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரங்கள் வரும். இவை நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும்.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். மல்லிகை முழுப் பலன் தரத் தொடங்கியதும் மா காய்ப்புக்கு வருகிறது. அதுவரை இளங்கன்றுகளுக்கு எப்படியும் நீர் தேவை என்பதால் மோதல் தெரிவதில்லை. அதன்பின் இரண்டில் ஒன்றை இழக்க நேரும். நிழல் கூடக்கூட மல்லிகையில் மொட்டும் குறையும். மாவின் இடைவெளியில் பயறு வகைகள், நிலக்கடலை, காய்கறி ஆகியவற்றை முதல் சில ஆண்டுகள் பயிரிடுவதே ஏற்றது. பூதான் வேண்டுமெனில் ஒரு பருவத்தில் முடியும் செண்டுமல்லியைப் பயிரிடலாம்.

மல்லிகைச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், 60 கிராம் தழை, 120 கிராம் மணி, 120 கிராம் சாம்பல் சத்துகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இதற்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், மியூரேட் ஆப் பொட்டாஷ் 200 கிராம் வேண்டும். இரசாயன உரங்களை இரு சம பாகமாகப் பிரித்து, கவாத்து செய்தவுடன் ஒருமுறையும் ஜூன்–ஜூலையில் ஒருமுறையும் இடுக. மாவுக்கு வயதுக்கேற்ற உரத்தைச் செப்டம்பர்–அக்டோபரில், அடிமரத்தை ஒட்டிப் போடாமல், கிளைகள் கவிந்திருக்கும் வட்டத்தில் இட்டுக் கொத்திவிட வேண்டும்.

மாதவாரியாக

செப்டம்பர்–அக்டோபர்: மல்லிகையில் பூ குறையத் தொடங்கும். மாவுக்கு உரமிடும் தருணம்.

நவம்பர் கடைசி வாரம்: மல்லிகையைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, உரமிட்டு, நீர் பாய்ச்ச வேண்டும். காய்க்கும் மாவுக்கு நீர் கூடாது.

டிசம்பர்–பிப்ரவரி: மல்லிகை தளிர்விடும், மழையில்லாதபோது வாரம் ஒருமுறை நீர் தேவை. மா பூக்கும். பிஞ்சு பிடிக்கும்வரை நீரை நிறுத்தி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நாம் தடுக்க இயலாது. மழை நின்றபின் வாய்க்கால் நீரை நிறுத்துவது நம் கையில் உள்ளது.

மார்ச்–மே: மல்லிகை மிகுதியாகப் பூக்கும். மாவில் பிஞ்சு பருத்துக் காயாகும். இரண்டுக்கும் நீர் தேவை. கிணற்றில் நீர் குறையும் காலமும் இதுவே.

ஜூன்–ஜூலை: மா அறுவடை முடியும். காய்ந்த, நோயுற்ற கிளைகளை மட்டும் நீக்கினால் போதும், மல்லிகையைப்போல் வெட்டக்கூடாது. மல்லிகைக்கு இரண்டாம் உரம்.

இரண்டையும் வைக்கும் முறை

நிலத்தை இரு பகுதிகளாகப் பிரித்து, மேட்டுப் பகுதியில் மாவும், நீர் தேங்காத தாழ்ந்த பகுதியில் மல்லிகையும் வைத்தால் மல்லிகை நீர் மாவின் வேருக்குக் கசியாது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மரநிழல் வடக்கே விழும். எனவே இயன்றவரை மல்லிகையை மாந்தோப்புக்குத் தெற்கே அமைத்திடுக. இடையே வரப்பு போட்டு, தனித்தனி வாய்க்கால் எடுக்க வேண்டும். சொட்டுநீர் அமைப்பவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு பொருத்துவது கட்டாயம்.

மல்லிகைப் பரப்பை முடிவு செய்ய இரு கணக்குகள் போதும். முதலாவது, மே மாதத்தில் கிணறு எத்தனை சென்ட்டுக்கு வாரம் ஒருமுறை பாயும்? இரண்டாவது, விடியுமுன் மொட்டுப் பறிக்க வீட்டில் எத்தனை பேர் உள்ளனர்? மொட்டு மறுநாள்வரை காத்திராது. பூ மிகுந்து விலை விழும் நாளில் கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பத்து சென்ட்டில் 259 செடிகள் பிடிக்கும். ஆள்வசதி குறைந்தவர்கள் அந்த அளவில் தொடங்கி, பறிக்கவும் பாய்ச்சவும் முடிவதைப் பார்த்தபின் பரப்பைக் கூட்டலாம்.

ஏற்கெனவே மாவுக்கிடையே மல்லிகை நட்டுவிட்டவர்கள் உடனே அழித்துவிட வேண்டியதில்லை. மா காய்ப்புக்கு வரும் முன்பே வேறிடத்தில் புதிய மல்லிகைப் பாத்தியை அமைத்து, அதில் முழு மகசூல் வரத் தொடங்கியதும் பழைய செடிகளை நீக்கிவிடுக. இவ்வாறு செய்தால் பூ வருவாய் இடைமுறியாது; மாவும் தன் பருவத்தில் பூக்கும்.