மெனின் வாயில்

மெனின் வாயில் என்பது பெல்ஜியம் நாட்டின் மேற்கு பிளாண்டர்ஸ் மாகாணத்தில், ஈப்பர் நகரின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ள போர் நினைவுச்சின்னம் ஆகும். முதலாம் உலகப் போரின்போது (1914-1918) இந்நகரைச் சுற்றி நிகழ்ந்த சண்டைகளில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாமல் போன பிரித்தானியப் பேரரசின் படைவீரர்கள் 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டடக் கலைஞர் சர் ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் இதனை வடிவமைத்தார். 1927 ஜூலை 24 அன்று, ஈப்பர் போர்முனையில் இரண்டாம் படைக்குத் தலைமை தாங்கிய பீல்டு மார்ஷல் பிளமர் இதனைத் திறந்து வைத்தார்.

இடமும் பெயரும்

ஈப்பர் பழைய கோட்டை மதிலாலும் அகழியாலும் சூழப்பட்ட நகரம். மெனின் என்னும் ஊருக்குச் செல்லும் சாலை மதிலைக் கடக்கும் இடமே மெனின் வாயில் எனப்பட்டது. 1914இல் அங்கே உண்மையில் வாயில் எதுவும் இருக்கவில்லை. மதிலில் ஒரு திறப்பும், அதன் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு சிங்கங்களுமே இருந்தன. போர்முனைக்குச் சென்ற வீரர்களுள் பலர் இவ்வழியாகவே நகரைவிட்டு வெளியேறினர். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்ல வராத பிரித்தானிய வீரர்கள் அதனை 'வைப்பர்ஸ்' என்று அழைத்தனர்.

நான்கு ஆண்டுப் பீரங்கித் தாக்குதலில் நகரம் முழுவதும் இடிந்து போனது. இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிட வேண்டும் என்று வின்ஸ்டன் சர்ச்சில் விரும்பினார். ஆனால் திரும்பி வந்த நகர மக்கள் தங்கள் வீடுகளை மீண்டும் கட்டத் தொடங்கிவிட்டனர். நகரம் மக்களுக்கு, வாயில் இறந்தவர்களுக்கு என்று முடிவானது. பழைய சிங்கங்கள் இரண்டையும் 1936இல் ஈப்பர் நகரம் ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாக வழங்கியது. அவை கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

கல்லறை இல்லாதவர்கள்

ஈப்பர் பகுதியின் நிலம் தாழ்வானது. சிறிது தோண்டினாலே நீர் ஊறும். குண்டுகளால் வடிகால்கள் சிதைந்தபின் போர்க்களம் சேற்றுக் காடாயிற்று. வீழ்ந்தவர்கள் பலர் சேற்றில் மூழ்கிப் போயினர். முறையாகப் புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகளும் பின்னர் விழுந்த குண்டுகளால் சிதறின. இறந்தவரின் உடல் கிடைக்காத குடும்பத்துக்கு வழிபடவோ அழவோ ஓர் இடம் இல்லை.

1917இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் (1960 முதல் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம்) இதற்கு ஒரு வழி கண்டது. கல்லறை உள்ளவருக்குக் கல்லறையில் பெயர். இல்லாதவருக்கு நினைவுச்சுவரில் பெயர். பதவி, சமயம், செல்வம் எதுவும் இதில் வேறுபாடு ஆகக் கூடாது என்பது கொள்கை. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் இவ்வாணையத்துக்குச் சொற்கள் அமைத்துக் கொடுத்தவர். அடையாளம் தெரியாதோர் கல்லறையில் 'கடவுள் அறிவார்' என்னும் பொருள்படும் தொடரைத் தெரிவு செய்தவர் அவரே. அவருடைய ஒரே மகனும் 1915இல் லூஸ் சண்டையில் காணாமற் போனவன் என்பது குறிப்பிடத்தக்கது.

திறப்பு விழாவில் பிளமர் குடும்பத்தினரை நோக்கி, உங்கள் மகன் காணாமற் போகவில்லை, இங்கேதான் இருக்கிறான் என்னும் கருத்துப்படப் பேசினார்.

பெயர்கள்

பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதனுள் பதவி வாரியாகவும், பின்னர் அகர வரிசையிலும் உள்ளன. சாலையின் மீது வளைந்து நிற்கும் கூடத்தின் உட்சுவர்கள் மட்டுமன்றிப் படிக்கட்டுச் சுவர்களும் பெயர்களால் நிறைந்துள்ளன. அப்படியும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் 16 முதல் காணாமற் போன பிரித்தானிய வீரர்கள் ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள் அருகிலுள்ள டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் பொறிக்கப்பட்டன. ஒரு பெருவாயில் முழுவதும் காணாமற் போனோர் பட்டியலுக்கே போதாமற் போயிற்று என்பதே அப்போரின் அளவைக் காட்டும்.

இந்தியப் படைவீரர்கள்

1914 அக்டோபரில் ஈப்பர் பகுதிக்கு வந்த இந்தியப் படைகள், பின்னர் 1915 ஏப்ரலில் நச்சுவாயுத் தாக்குதலை அடுத்து நடந்த சண்டையிலும் போரிட்டன. 1914 அக்டோபர் 31 அன்று ஹொலபேக் அருகே போரிட்ட குதாதாத் கான், விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர் ஆவார். மெனின் வாயிலில் இந்தியப் படையினர் 400க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பிரான்சில் நவ் சப்பேல் என்னுமிடத்தில் உள்ள இந்திய நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

ஆனால் சமமதிப்புக் கொள்கை எங்கும் ஒரே வகையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. 2021இல் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, ஆப்பிரிக்கா, ஆசியா, மத்திய கிழக்கு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த படையினருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் குறித்த நினைவுச்சின்னம் இல்லை, அல்லது எவ்வகை நினைவுச்சின்னமும் இல்லை. ஆணையம் இதற்காக மன்னிப்புக் கோரியது.

லாஸ்ட் போஸ்ட்

பிரித்தானியப் படை முகாம்களில் நாள் முடிவதை அறிவிக்கப் பியூகிள் என்னும் ஊதுகொம்பில் இசைக்கப்படுவது 'லாஸ்ட் போஸ்ட்'. போர்வீரர்களின் இறுதிச் சடங்கிலும் இது ஒலிக்கும். 1928 ஜூலையில் மெனின் வாயிலின் கீழ் இது இசைக்கப்பட்டது. 1929 நவம்பர் 11 முதல் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குச் சாலைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, உள்ளூர்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்த தன்னார்வலர்களால் ஊதப்பட்டு வருகின்றது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நகரைக் கைப்பற்றியபோது நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை நகரை மீட்ட அதே மாலையில், சுற்றுப்புறத்தில் சண்டை ஓயும் முன்னரே மீண்டும் தொடங்கியது. 2015 ஜூலை 9 அன்று 30,000ஆவது முறையாக ஊதப்பட்டது.

எதிர்ப்பு

எல்லோரும் இவ்வாயிலை வரவேற்கவில்லை. மேற்கு முனையில் போரிட்டுத் திரும்பிய கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் இதைப் பற்றிக் கடுமையான கவிதை ஒன்றை எழுதினார். சேற்றில் மடிந்தவர்களுக்குப் பளபளப்பான கல்லைக் கொடுப்பது கேலி என்பது அவர் கருத்து.

நீக்கப்படும் பெயர்கள்

இப்பகுதியின் வயல்களில் இன்றும் எலும்புகளும் வெடிக்காத குண்டுகளும் கிடைக்கின்றன. படைப்பிரிவு முத்திரை, பொத்தான், மரபணுச் சோதனை ஆகியவற்றின் துணையால் சிலர் அடையாளம் காணப்பட்டு, படை மரியாதையுடன் தம் பெயரிட்ட கல்லறையில் அடக்கம் செய்யப்படுகின்றனர். அவ்வாறு கல்லறை பெற்றவரின் பெயர், சுவர்ப் பலகைகள் புதுப்பிக்கப்படும் சமயத்தில், மெனின் வாயிலில் இருந்து பொதுவாக நீக்கப்படும்.