ஆசான்கள் – 17: ஃபுனகோஷிக்கு வாரிசு யார்?

கிச்சின் ஃபுனகோஷி 1957 ஏப்ரல் 26 அன்று டோக்கியோவில் காலமானார். வயது 88. ஓகினாவா தீவில் ஒளித்துப் பழகிவந்த கராத்தேயை ஜப்பானின் தலைநகருக்குக் கொண்டுவந்து, கடைசி வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதில் மாணவர்களுக்குள் தகராறு வந்துவிட்டது.

குடும்பத்தார் பொறுப்பை ஷோட்டோகாய் அமைப்பிடம் கொடுத்தார்கள். அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்திவந்த அமைப்பு அது. 1949-ல் உருவான ஜப்பான் கராத்தே சங்கமும் அவரையே தலைமை ஆசானாக வைத்திருந்தது. சடங்கை நாங்கள்தான் நடத்துவோம் என்று சங்கம் நின்றது. பேச்சு ஒத்துவரவில்லை. சங்கத்தாரும் அவர்கள் பக்கம் இருந்த பல்கலைக்கழகக் குழுக்களும் சடங்குக்கே வரவில்லை. அன்று பிரிந்தவர்கள் இன்றுவரை தனித்தனி அமைப்புகள்தான்.

சாவு வீட்டில் பங்காளிகள் முட்டிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே பங்கு போடச் சொத்து எதுவும் இல்லை. மாணவர்கள் பணம் திரட்டி அவருக்காகக் கட்டிய ஷோட்டோகான் பயிற்சிக்கூடம் 1945-ல் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது. கூடவே நின்று கற்றுக்கொடுத்த மகன் கிகோ அதே ஆண்டில் காசநோயில் இறந்துவிட்டார். பெரியவர் விட்டுப்போனவை சில புத்தகங்கள், சில கட்டாக்கள். அடி, தடுப்பு, திருப்பம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் தனியாளாகச் செய்யும் பயிற்சிதான் கட்டா.

சண்டையின் வேர் வேறு இடத்தில் இருந்தது. கராத்தேயைப் போட்டியாக்கலாமா, கூடாதா? ஃபுனகோஷி கூடாது என்ற கட்சி. டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் காப்புக் கவசம் மாட்டிக்கொண்டு மோதிப்பார்க்கத் தொடங்கியபோது, அந்தக் குழுவோடு உறவையே முறித்துக்கொண்டவர் அவர். அவர் இறந்த ஆறாவது மாதம், 1957 அக்டோபரில், சங்கம் முதல் அனைத்து ஜப்பான் போட்டியை நடத்தியது. ஷோட்டோகாய் போட்டிப் பக்கமே போகவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், ஒரு பக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கம் பயிற்றுநர்களைத் தயார்செய்து நாடு நாடாக அனுப்பியிராவிட்டால், இன்று நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் சடங்குக்கு வராமல் இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கருத்தில் மாறுபடலாம், பிரிந்தும் போகலாம். ஆசானின் உடல் கிடக்கும்போது வாசலுக்கு வராமல் இருக்கலாமா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம், தன் ஆசான்களை ஃபுனகோஷி நினைவில் வைத்திருந்த விதம்.

பள்ளித் தோழனின் தந்தையான அசாதோவிடம்தான் ஃபுனகோஷி முதலில் கற்றார். இரவில் மட்டுமே பாடம். நிலா இல்லாத நாட்களில் கையில் விளக்கோடு இருட்டில் நடந்து போவார், விடியும்போது திரும்புவார். அக்கம்பக்கத்தார், இந்த இளம் பள்ளி வாத்தியார் தாசி வீட்டுக்குப் போய்வருகிறார் என்றே நினைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. கராத்தே பழகுவதை வெளியில் சொல்லக் கூடாத காலம் அது. முற்றத்தில் அவர் கட்டா செய்ய, திண்ணையில் மங்கலான விளக்கருகே முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார் அசாதோ. வேர்த்து ஊற்றி முடித்ததும் வருவது ஒரே சொல்: "இன்னொரு தடவை." மறுபடி முடித்தால், மறுபடியும் அதே சொல். ஒரு கட்டாவிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார். அபூர்வமாக ஒரு "நல்லது" வரும். அதற்குமேல் பாராட்டு கிடையாது.

இன்னொரு ஆசான் இடோசு. கராத்தேயை ஓகினாவாவின் பள்ளிகளுக்குள் கொண்டுபோனவர், சிறுவர்களுக்கென்று ஐந்து பினான் கட்டாக்களை அமைத்தவர். 1906-ல் அசாதோவும் 1915-ல் இடோசுவும் மறைந்தார்கள்.

1922-ல் கல்வி அமைச்சகம் டோக்கியோவில் நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சிக்காகக் கப்பல் ஏறியபோது ஃபுனகோஷிக்கு 53 வயது. வேலையை முடித்து ஊர் திரும்பும் எண்ணத்தில்தான் வந்தார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் கோடோகன் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அந்த ஊக்கத்தில் ஃபுனகோஷி டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். மனைவி ஓகினாவாவில், இவர் டோக்கியோவில். ஓகினாவா மாணவர்களின் விடுதியான மெய்செய் ஜுகுவில் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை கிடைத்தது. பகலில் வாசல் பெருக்கி, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காவலாளி வேலையும் செய்தார். வகுப்பறை காலியான நேரத்தில் அங்கேயே கராத்தே சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையல்காரருக்கும் பாடம் நடத்தினார். தொப்பியையும் கிமோனோவையும் அடகு வைக்கப் போன இடத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பணம் கிடைத்தது. கடைக்காரரின் தம்பி அவரிடம் பயின்ற மாணவர்!

ஒருநாள் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷி எங்கே என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே போன பெரியவர், உடை மாற்றி, முறையான கிமோனோவில் வந்து நின்று, நான்தான் ஃபுனகோஷி என்று வணங்கினார். நிருபரின் முகம் போன போக்கைத் தன்வரலாற்றில் அவரே ரசித்து எழுதியிருக்கிறார். தனக்காக இல்லாவிட்டாலும், தான் சொல்லித்தரும் கலைக்காக அந்த உடை தேவை என்று அவர் நினைத்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

கானோ 1938-ல் இறந்துபோனார். அதன்பிறகு கோடோகன் இருக்கும் தெரு வழியே போகும்போதெல்லாம், டிராமில் இருந்தாலும், ஃபுனகோஷி தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்துவார் என்று கராத்தே வட்டாரத்தில் சொல்வார்கள். கூட வந்த மாணவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. ஜூடோக்காரருக்கு நம் ஆசான் எதற்கு வணக்கம் சொல்ல வேண்டும்? அவர் இல்லாவிட்டால் நாம் இங்கே இல்லை என்பதுதான் பதில்.

இந்த மரியாதையைப் பார்த்து, பழையதில் ஒரு புள்ளிகூட மாற்றாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. இடோசுவின் பினான்களுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். இரண்டாவது கட்டா எளிது என்பதால் அதைத் தூக்கி முதலாவதாக வைத்தார். காலம் மாறும்போது கராத்தேயும் மாறத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். மாற்றிய கையோடு, இது அசாதோ தந்தது, இது இடோசு தந்தது என்று சொல்வதையும் நிறுத்தவில்லை. சங்கம் கராத்தேயை மாற்றியதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். மாற்றும் தைரியமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

போருக்குப் பின் ஓகினாவாவிலிருந்து அகதியாக கியூஷு தீவின் ஓய்டா வந்து சேர்ந்த மனைவியோடு அவருக்குக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். 1947-ல் மனைவியும் போய்விட்டார். அஸ்தியோடு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார் ஃபுனகோஷி. வழியில் நிலையங்களில் பழைய மாணவர்கள் துக்கம் விசாரிக்கக் காத்திருந்தார்கள். நாடே பட்டினி கிடந்த நேரம். பத்தாண்டு கழித்து எதிரெதிராக நின்றவர்களில் சிலர் அன்று அந்த நடைமேடைகளில் ஒன்றாக நின்றிருக்கவும் கூடும்.

ஃபுனகோஷி பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி 1968 டிசம்பரில் காமகுராவின் எங்காகு-ஜி மடத்தில் ஷோட்டோகாய் ஒரு நினைவுக்கல் நாட்டியது. கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்ற அவருடைய கொள்கையை மடத்தின் தலைமைத் துறவி அசாஹினா சோகென் எழுதித்தர, அதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஐந்து ஹெய்யான் கட்டாக்களும் தடுப்பில்தான் தொடங்குகின்றன. ஷோட்டோகாய், சங்கம் இரண்டு பக்கத்திலும் அப்படித்தான். நிற்கும் உயரமும் கை வீசும் வேகமும் மாறியிருக்கும், வரிசை மாறவில்லை. சென்னையிலோ மதுரையிலோ ஷோட்டோகான் வழி மாஸ்டர் ஒருவரிடம் சேரும் வெள்ளை பெல்ட் பிள்ளை முதலில் பழகுவதும், ஃபுனகோஷி முன்னுக்குத் தூக்கிவைத்த அதே கட்டாவைத்தான்.

அவருடைய வாரிசு என்று ஒருவர் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவரும் சொல்லவில்லை. ஓகினாவாவில் இன்னொரு பெரிய ஆசான், கோஜு-ரியூ என்ற கராத்தே வழியின் மியாகி சோஜுன், 1953-ல் வாரிசு பெயரை அறிவிக்காமலே கண்மூடினார். அவருடைய மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)