மோகன் பகான் அணியின் 1911 கேடயப் போட்டி

1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. கேடயக் கால்பந்துப் போட்டியில் மோகன் பகான் அணி வென்றது. அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி இதுவே. அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடினர்.

பின்னணி

வங்காளத்தில் கால்பந்து வேரூன்றியது பள்ளி, கல்லூரித் திடல்களில்தான். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற மாணவர் 1877-இல் ஹேர் பள்ளித் தோழர்களைக் கூட்டிப் பந்தாடத் தொடங்கியதை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். மாணவர்களும் படித்து வேலைக்குப் போனவர்களுமே பின்னர் சங்கங்களை அமைத்தனர். மோகன் பகான் 1889-இல் உருவானது.

ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893-இல் தொடங்கியது. பிரித்தானியப் படைப்பிரிவு அணிகளே அதில் கோலோச்சின. மோகன் பகான் 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று முறை டிரேட்ஸ் கோப்பையை வென்றது. 1909-இல் கேடயப் போட்டியில் ஆடியபோது கார்டன் ஹைலேண்டர்ஸ் படை அணியிடம் தோற்றது.

அணியினர்

அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி இடது ஓரத்தில் ஆடினார். அவருக்குப் பக்கத்திலேயே சகோதரர் விஜயதாஸ். நடு முன்கள ஆட்டக்காரர் அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி மாணவர். பூட்ஸ் அணிந்து ஆடிய ஒரே ஆள் சுதிர் சாட்டர்ஜி. கிறிஸ்தவரான இவர் ஆசிரியராக இருந்தார். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. படிப்பும் வேலையும் போக மிஞ்சிய நேரத்தில் ஆடியவர்கள்.

வெறுங்கால் ஆட்டம்

வெறுங்காலில் ஆடியது வறுமையால் மட்டுமல்ல, பழக்கத்தாலும்தான். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து சொன்னபடி கேட்கும்; உருட்டி, வெட்டித் திரும்புவது எளிது. கண்மாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் பந்தாடி வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மழை பெய்தால் கதையே வேறு. சேற்றில் கால் வழுக்கும். எதிராளியின் பூட்ஸ் தரையைக் கவ்விப் பிடிக்கும். போட்டி நடந்த ஜூலையோ கல்கத்தாவின் மழைக்காலம். கனத்த தோல் பூட்ஸ் அணிந்த படைவீரனோடு மோதினால் பாதம் என்னவாகும் என்ற அச்சம் வேறு.

ஆட்டங்கள்

முதல் சுற்றில் எதிர்ப்பட்டது ஒரு கல்லூரி அணி: செயின்ட் சேவியர்ஸ். மோகன் பகான் 3-0 என வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், ரைஃபிள் பிரிகேடை 1-0 என்றும் வீழ்த்தியது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டுடன் 1-1 எனச் சமநிலை. மறு ஆட்டத்தில் 3-0 வெற்றி.

இறுதி ஆட்டம் ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டுக்கு எதிராக நடந்தது. ரயிலிலும் படகிலும் வெளியூர்களிலிருந்து மக்கள் திரண்டனர். கூட்டம் 60,000-க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. திடலைப் பார்க்க முடியாமல் பின்னால் நின்றவர்களுக்குக் கோல் நிலவரத்தைப் பட்டம் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள். ஜாக்சன் அடித்த கோலால் படை அணி முந்தியது. சிப்தாஸ் அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றி கோலை அடித்தார். முடிவு 2-1.

தாக்கம்

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்ட காயம் ஆறாத காலம் அது. ஆளும் படையினரை அவர்களுடைய விளையாட்டிலேயே, அவர்களுடைய விதிகளின்படியே வெல்ல முடியும் என்பது அரசியல் பேசாதவர்களுக்கும் புரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிவினை ரத்தானதையும் தலைநகர் டெல்லிக்கு மாறியதையும் இந்த வெற்றியோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது மிகை. அந்த முடிவுகளுக்கு நிர்வாக, அரசியல் காரணங்கள் இருந்தன.

வெற்றி உடனே தொடரவும் இல்லை. மற்றோர் இந்திய அணி கேடயத்தை வெல்ல 25 ஆண்டுகள் ஆயின; 1936-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது.

வெறுங்கால் பழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி பிரான்சிடம் 2-1 எனத் தோற்றனர். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பிறகே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது.