நிற்கக் கற்கும் கல்வி: ஹெலிகாப்டர் பயிற்சி மாணவரின் ஒரு நாள்

வான்வழிச் செலவு தமிழரின் கற்பனைக்குப் புதியதன்று. செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் வானூர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. இன்று நம் தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டரோ அதற்கு நேர்மாறானது. பயிற்சிக்குரிய சிறு ஹெலிகாப்டரில் செலுத்துவோரின் கவனம் ஒரு கணம் பிறழினும் ஊர்தி நிலைதடுமாறும். இலங்கைத் தமிழர் இதனை உலங்கு வானூர்தி என்பர். நம் மக்கள் நாவில் பழகிய ஹெலிகாப்டர் என்னும் சொல்லையே இக்கட்டுரை ஆள்கின்றது.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டி வாழும் மக்கள் இதன் ஓசையை நன்கறிவர். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. இவ்விரு வேளைகளிலும் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் கடல்மேல் வந்து நோக்கின. அவற்றை இயக்குவோர் எங்கே கற்கின்றனர்? விடை தொலைவில் இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்த இருப்புப்பாதையில் அமைந்த ஊரே அரக்கோணம். அங்குதான் அந்தக் கல்விக்கூடம் இருக்கின்றது.

அரக்கோணத்துப் பள்ளி

அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை வான்தளத்தை 1992 மார்ச் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இத்தளத்தில் இயங்குகின்றது. கடற்படையினர், கடலோரக் காவல் படையினர், நட்பு நாடுகளின் அதிகாரிகள் ஆகியோர் இங்கே பயில்கின்றனர். பயிற்சிக்காலம் 22 வாரங்கள். பிரெஞ்சு வடிவமைப்பை ஒட்டிப் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சேத்தக் என்னும் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரே நெடுங்காலமாக இங்குப் பயிற்சி ஊர்தியாக விளங்கி வருகின்றது.

வைகறைப் பாடம்

ஹெலிகாப்டர் மாணவரின் நாள் பொதுவாக வைகறையிலேயே தொடங்கிவிடும். இதற்கு அறிவியல் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. இறக்கைகளுக்கு நல்ல பிடிப்பைத் தரும். வெயில் ஏற ஏறக் காற்று இளகும்; தூக்கும் திறன் குறையும். வட தமிழகத்துக் கோடையில் இந்த வேறுபாட்டை மாணவர் தம் கைகளிலேயே உணர்வார்.

முதலில் வானிலை விளக்கம். காற்றின் திசையும் வேகமும் மேகத்தின் உயரமும் குறித்துக்கொள்ளப்படும். அடுத்து ஆசிரியர் திடீரெனக் கேட்பார்: "எஞ்சினில் தீ எச்சரிக்கை வந்தால் யாது செய்வீர்?" ஏட்டைப் புரட்ட இடமில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை பிறழாமல் அந்தக் கணமே ஒப்புவித்தாக வேண்டும். அதன்பின் மாணவர் ஊர்தியைச் சுற்றி நடந்து, சுழலிறக்கை, வால் விசிறி, எண்ணெய் அளவு, எரிபொருள் என ஒவ்வொன்றையும் கண்ணாலும் கையாலும் சோதிப்பார். நேற்று நன்றாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது என்பதே அவர் கற்கும் முதற்பாடம்.

இருந்த இடத்தில் இருத்தல்

இடக்கையில் உள்ள 'கலெக்டிவ்' நெம்புகோலை உயர்த்தினால் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒருங்கே மாறி ஊர்தி மேலெழும். வலக்கையில் உள்ள 'சைக்ளிக்' தண்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் செலுத்தும். மேலே இறக்கை ஒரு திசையில் சுழல, உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்ப முயலும். அதனைத் தடுப்பது வால் விசிறி. அவ்விசிறியை ஆள்வன கால் மிதிகள். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்த வேண்டும் என்பதே இதன் அருமை.

ஆகையால் விரைந்து பறப்பதைக் காட்டிலும் தரைக்குச் சற்று மேலே அசையாது நிற்பதே புதியவருக்குக் கடினம். ஊர்தி இடப்புறம் நகரும். மாணவர் பதறித் தண்டை வலப்புறம் தள்ளுவார். அது மிகையாகிப் பின்னும் அதிகமாக ஆடும். ஆசிரியர் முதலில் ஒரே கருவியை மட்டும் மாணவரிடம் தந்து, மற்றவற்றைத் தம் கையில் வைத்துக்கொள்வார். பின்னர் ஒவ்வொன்றாக ஒப்படைப்பார். அருகில் உள்ள தரையை விடுத்துத் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கியும், பிடியைத் தளர்த்தியும், நூலிழை அளவே அசைத்தும் பழகப் பழக, ஒரு நாள் ஊர்தி அந்தரத்தில் நின்றுவிடும். நின்றுவிட்டது போல் தோன்றினும் கைகளும் கால்களும் ஓயாது இயங்கிக்கொண்டே இருக்கும்.

தோல்வியைப் பயிலுதல்

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல் விழும் எனப் பலர் எண்ணுவர். அது பிழை. மகோகனி மரத்தின் சிறகு விதை சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதைக் கண்டிருப்போம். அந்த நெறியே இங்கும் உதவுகின்றது. எஞ்சின் ஓய்ந்த உடனே கலெக்டிவைத் தாழ்த்தினால், கீழிருந்து மேலெழும் காற்று இறக்கைகளைத் தொடர்ந்து சுழற்றும். தரையை நெருங்குகையில் முகப்பைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைத்து, சுழற்சியில் சேர்ந்துள்ள ஆற்றலைக் கலெக்டிவ் வழியே செலவிட்டு இறங்கலாம். அவ்வாற்றல் ஒரு முறைக்கே போதும். எனவே உரிய நொடி தவறலாகாது. மாணவர் இதனை மீண்டும் மீண்டும் பயில்கின்றார். வகுப்பறையில் மாலை நேரத்தில் நடைபெறும் ஆய்வுரையில் காலையில் செய்த பிழைகளே பாடமாகின்றன. பிழையை மறைப்பவர் தமக்கு மட்டுமன்றித் தம்மை நம்பியவர்க்கும் தீங்கு செய்தவராவார்.

நமக்கும் உரிய கல்வி

கடல் நடுவே தத்தளிக்கும் மீனவருக்கு மேலே ஊர்தி நின்றால்தான் கயிறு இறங்கும். ஊர்தி ஆடினால் கயிறும் ஆடும். வைகறைதோறும் அரக்கோணத்தில் மாணவர் பயிலும் அந்த 'நிற்றல்', காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் வாழ்வாக மாறுவது அப்பொழுதுதான்.

இக்கல்வி நமக்கு எட்டாதது எனக் கருத வேண்டுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று மேல்நிலைக் கல்வி முடித்தோர், தேசியப் பாதுகாப்பு அகாதமியின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கான தேர்வை எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை மத்தியத் தேர்வாணையம் அதனை நடத்துகின்றது. மகளிர்க்கும் இன்று இவ்வாயில் திறந்துள்ளது. 2024 ஜூன் 7 அன்று ராஜாளியில் பயிற்சி நிறைவு செய்த 21 அதிகாரிகளுள் ஒருவரான அனாமிகா பி. இராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி என்னும் சிறப்பைப் பெற்றார்.

துறைமுகத்தின் பளுதூக்கிகளையும் ஆலைகளின் புகைபோக்கிகளையும் பார்த்து வளரும் நம் மாணவர், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் கடக்கையில் கை அசைத்து நிற்பதோடு அமையலாகாது. அதனுள் அமர்ந்திருப்பவரும் ஒருநாள் நம்மைப் போன்று வகுப்பறையில் அமர்ந்திருந்தவரே. அவர் முதலில் கற்றது பறப்பதையன்று, பதறாமல் நிற்பதை. அதனை எத்துறை மாணவரும் இன்றே தொடங்கலாம்.